கிளட்ச் பிடித்தாலும் வண்டி முன்னே போகிறதா? பிளேட் மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

மண்புழு, மூடாக்கு, பஞ்சகவ்யம் என்று எழுதும் இதழில் மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்குதுங்க. சேர்வராயன் மலையில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவருக்கு நூறு சி.சி. வண்டிதான் மாட்டுவண்டி, அதுதான் பொதி மாடு, அவசரத்துக்கு அதுதான் ஆம்புலன்ஸ். காப்பிப் பழ மூட்டை, மிளகு, நாற்றுத் தட்டு, ஜீவாமிர்தக் கேன் எல்லாம் அதன் முதுகில்தான் ஏறி இறங்குகின்றன. அது நின்றால் அன்றைய வேலையும் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளி இடுபொருளை நம்பாமல் விவசாயம் செய்யப் பழகிய நாம், வண்டி என்று வந்தால் மட்டும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பணம் கட்டிவிட்டு வருகிறோம். பயிரில் இலை மஞ்சளானால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதே, முதலில் வேரைப் பார், ஈரத்தைப் பார் என்கிறோம் அல்லவா? அதே புத்தி வண்டிக்கும் வேணும்.

முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். மாலையில் கணக்கு நேராகவில்லை என்றால் பேரேடு முழுவதையும் திருப்பி எழுத மாட்டோம். முதலில் கூட்டலைப் பார்ப்போம், அப்புறம் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம், கடைசியில்தான் பழைய வவுச்சர் கட்டுகளை அவிழ்ப்போம். செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிக்கும் சோதனை கடைசியில். கிளட்ச் கோளாறுக்கும் இதே வரிசைதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அது ஒன்றுதான்.

வழுக்கலா, ஒட்டலா?

கிளட்சுக்கு வரும் நோய் இரண்டு வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலாவது வழுக்கல். ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறும், வண்டி அதற்கேற்ப ஏறாது. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். "ஸ்லிப் ஆகுது" என்பார்கள்.

இரண்டாவது ஒட்டல். லிவரை முழுசாகப் பிடித்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு முழுசாக அறுவதில்லை. மெக்கானிக்குகள் "கிளட்ச் ஃப்ரீ ஆகலை" என்பார்கள். அதன் அடையாளங்கள் இவை:

முதல் கியர் போடும்போது 'டங்' என்று சத்தத்தோடு வண்டி ஒரு எட்டு முன்னே குதிக்கும்.

லிவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் வண்டி மெல்ல ஊரும். பிரேக்கை அழுத்தினால் எஞ்சின் திணறி நிற்கும்.

எஞ்சின் ஓடும்போது நியூட்ரல் விழவே விழாது. எஞ்சினை அணைத்தால் உடனே விழும்.

கியரைக் குறைக்கும்போது மிதி கனமாக இருக்கும், பல் உரசும் சத்தம் வரும்.

சமவெளியில் இதெல்லாம் எரிச்சலோடு போய்விடும். மலையில் அப்படி இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வளைவுக்கு நாலு தடவை லிவரைப் பிடிக்கிறோம் என்று வைத்தாலே ஏற எண்பது, இறங்க எண்பது. எதிரே பேருந்து திரும்புகிறது, நீங்கள் வளைவின் உள்பக்கம் நிற்க வேண்டும், பின்னால் ஐம்பது கிலோ மூட்டை. அந்த நேரத்தில் லிவரைப் பிடித்தும் வண்டி முன்னே தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பனி இறங்கிவிட்டால் இன்னும் மோசம்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் தானே கவ்வும் அமைப்பு அது. இங்கே சொல்வது லிவர் உள்ள நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகளுக்கு.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சின் பக்க மூடிக்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது. கிளட்ச் பெல் என்பார்கள். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதன் நடுவில் ஒரு ஹப். அது கியர்பாக்ஸோடு சேர்ந்தது. கிண்ணத்தின் காடிகளில் மாட்டியிருக்கும் உராய்வுத் தட்டுகளும், ஹப்பின் பற்களில் மாட்டியிருக்கும் இரும்புத் தட்டுகளும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். பலமான ஸ்பிரிங்குகள் அடுக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும், வண்டி ஓடும். எல்லாமே எஞ்சின் ஆயிலில் நனைந்தபடிதான் இருக்கும்.

லிவரைப் பிடித்தால் கேபிள் இழுக்கும். கேபிள் எஞ்சின் மேலே இருக்கும் சின்னக் கையைத் திருப்பும். அந்தக் கை ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்தும் தட்டை விலக்கும். அடுக்கு தளரும், தொடர்பு அறும்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். லிவரின் நுனி நிறைய நகர்ந்தாலும் கேபிள் நகர்வது சுமார் 10 மி.மீ.தான். உள்ளே தட்டு விலகுவது ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. நாலு உராய்வுத் தட்டு உள்ள கிளட்சில் உரசும் முகங்கள் எட்டு. அந்த இரண்டு மி.மீ.யை எட்டாகப் பிரித்தால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது கால் மி.மீ. இடைவெளி! ஆக, கேபிளில் மூன்று நாலு மி.மீ. வீணாகப் போனாலே உள்ளே தட்டுகள் விலக இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு சுற்றும். தட்டில் எந்தக் குறையும் இல்லாமலே கிளட்ச் கெட்டுப்போனது போலத் தெரியும்.

இதை மனதில் வைத்தால் அடுத்த விஷயம் எளிதாகப் புரியும். உராய்வுத் தட்டு தேய்ந்தால் பொதுவாக லிவரின் ஆட்டம் குறையும், கிளட்ச் வழுக்கும். கேபிள் நீண்டால் லிவரின் ஆட்டம் கூடும், கிளட்ச் ஒட்டும். அதாவது தட்டுத் தேய்மானம் வழுக்கலுக்குக் காரணம். ஒட்டலுக்கு அதை முதல் சந்தேகமாக எடுப்பது சரியில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருநாள் வந்து, "சார், பிளேட் செட் போயிடுச்சுன்னு சொல்றாங்க, மாத்திடவா?" என்று கேட்டார். "வண்டி வழுக்குதா, விடாமப் புடிக்குதா தம்பி?" என்றேன். "விடாமத்தான் சார் புடிக்குது." "அப்போ கொஞ்சம் பொறு" என்று லிவர் பக்கத்து ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தால், கேபிளின் முனைக் குண்டுக்குப் பக்கத்தில் பாதி இழைகள் அறுந்து பூப்போல விரிந்து நிற்கின்றன. மீதி இழைகள்தான் அத்தனை நாளும் இழுபட்டு நீண்டுகொண்டிருந்தன. புதுக் கேபிள் போட்டதும் கோளாறு தீர்ந்தது. பிளேட் செட் மாற்றியிருந்தால் கேபிளையும் கழற்றி மாட்டியிருப்பார்கள். வண்டி சரியானதும் பிளேட்டால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பியிருப்போம்.

முதலில் நாலு சோதனை

சோதனை 1: எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வண்டியைத் தள்ளுங்கள். அப்போதே கனமாக இருந்தால் அது கிளட்ச் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது செயின் இறுக்கம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சோதனை 2: எஞ்சினை அணைத்தபடியே முதல் கியரில் போட்டு, லிவரை முழுசாகப் பிடித்துத் தள்ளுங்கள். லேசான தடை இருந்தால் பரவாயில்லை, அது ஆயிலின் பிசுபிசுப்பு. சக்கரம் பூட்டினதுபோல் நின்றால் கிளட்ச் ஃப்ரீ ஆகவில்லை.

சோதனை 3: எஞ்சின் ஓடும்போதும் அணைத்த பிறகும் நியூட்ரல் போட்டுப் பாருங்கள். ஓடும்போது விழாமல், அணைத்ததும் விழுந்தால் கிளட்ச் ஒட்டல். இரண்டு நிலையிலும் விழவில்லை என்றால் கியர் மாற்றும் அமைப்பில் கோளாறு. அதற்கு வேறு வைத்தியம்.

சோதனை 4: வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் சூடேறியதும் லிவரைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின்சக்கரம் மெல்லச் சுற்றலாம், அது இயல்பு. பின் பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மாறாமல் சக்கரம் நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. எஞ்சின் திணறினால் ஒட்டல் உறுதி. இந்தச் சோதனையின்போது செயினுக்கும் ஸ்போக்குக்கும் பக்கத்தில் கை, வேட்டி, துண்டு எதுவும் போகக் கூடாது.

எப்போது ஒட்டுகிறது என்பதும் ஒரு துப்பு. காலைக் குளிரில் மட்டும் ஒட்டி, சூடானதும் விட்டால் ஆயிலைச் சந்தேகியுங்கள். மலை ஏறி எஞ்சின் கொதித்த பிறகு மட்டும் ஒட்டினால் தட்டு நெளிந்திருக்கலாம். எல்லா நேரமும் ஒட்டினால் கேபிளும் லிவரும்தான் முதல் சந்தேகம். எஞ்சினின் சும்மா ஓடும் வேகம், அதாவது ஐடில், அதிகமாக வைத்திருந்தாலும் கியர் விழும் சத்தம் பெரிதாகத் தெரியும், அதையும் பாருங்கள்.

பழுது பார்க்கும் வரிசை

1. லிவரின் ஆட்டம். லிவரை விரலால் லேசாக அசையுங்கள். கேபிள் இறுகும்வரை நுனி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். நூறு சி.சி. வண்டிகளுக்குப் பொதுவாக 10 முதல் 20 மி.மீ. சொல்வார்கள்; உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவே இறுதி. அதற்கு மேல் போனால் ஒட்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் எதிர்ப்பக்கம் விழுவீர்கள்: ஸ்பிரிங் பாதி அழுந்தியபடியே ஓடும், கிளட்ச் வழுக்கும், தட்டு கருகும்.

சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. லிவர் பக்கத்துத் திருகு சின்னத் திருத்தத்துக்கு. எஞ்சின் பக்கத்து நட்டுகள் பெரிய திருத்தத்துக்கு. முதலில் லிவர் பக்கத் திருகை ஓரிரு சுற்று மட்டும் விட்டு உள்ளே திருகிவிடுங்கள். பிறகு எஞ்சின் பக்கம் லாக் நட்டைத் தளர்த்தி ஆட்டத்தைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள். கடைசிச் சின்னத் திருத்தத்தை மேலே செய்யுங்கள். திருகில் உள்ள வெட்டும் லிவர் தாங்கியில் உள்ள வெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், கேபிளும் நழுவும். இரண்டு பக்கமும் திருகி முடித்தும் ஆட்டம் குறையவில்லை என்றால் கேபிள் ஆயுள் முடிந்தது.

2. லிவர். கீழே விழுந்த வண்டியில் லிவர் வளைந்திருக்கும். முழுசாக இழுக்கும் முன்பே கைப்பிடியில் முட்டும். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று தடிமனான பஞ்சு உறை மாட்டுகிறோமே, அதுவும் லிவரின் கடைசி ஒரு விரற்கடைப் பயணத்தைத் தின்றுவிடும். லிவர் ஆணியின் ஓட்டை தேய்ந்து மேலும் கீழும் ஆடினாலும் இழுப்பு வீணாகும். ஆணிக்கு ஒரு துளி கிரீஸ் வையுங்கள்.

3. கேபிள். இதுதான் முக்கிய சந்தேக நபர். இரண்டு முனையிலும் இழை அறுந்திருக்கிறதா, துரு இருக்கிறதா, உறை நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். உறையின் முனைத் தொப்பி நசுங்கினால் இழுக்கும்போது உறையே சுருங்கி, இழுப்பைத் தின்னும். அப்புறம் ஹேண்டில்பாரை இடது ஓரம், வலது ஓரம் முழுசாகத் திருப்பி, இரண்டு நிலையிலும் லிவர் ஆட்டத்தைப் பாருங்கள். மாறினால் கேபிள் போகும் வழி தப்பாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பும் நேரத்தில்தான் கிளட்ச் தேவை. அங்கே அது மாறினால் ஆபத்து.

கேபிளுக்கு ஆயில் விட எளிய வழி: ஒரு முனையைக் கழற்றி நிமிர்த்திக் கட்டி, பாலித்தீன் தாளைக் கூம்பாகச் சுற்றி நூலால் இறுக்கி, அதில் மெல்லிய மெஷின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி ராத்திரி முழுதும் விட்டுவிடுங்கள். மறுமுனையில் ஆயில் சொட்டினால் வேலை முடிந்தது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள புதுவகைக் கேபிளுக்குக் கெட்டி கிரீஸ் வேண்டாம். அழுக்கைச் சேர்த்து அடைத்துக்கொள்ளும். துரு ஏறிய கேபிளுக்கு ஆயில் விட்டுக் காலம் தள்ளாதீர்கள், மாற்றிவிடுங்கள். பிளேட் செட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

4. எஞ்சின் மேலே உள்ள கை. லிவரை இழுக்கும்போது கேபிளும் இந்தக் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் இழுப்பு முழுசாகப் போய்ச் சேரும். கை ரொம்பவும் சாய்ந்து நின்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கையைத் திருப்பிவிடும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ம பாதையில் சேறு, செம்மண் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். துடைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டாலே பாதி வண்டிகளில் லிவர் இளகும்.

5. ஆயில். நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். பழசாகிக் கெட்டியான ஆயில், தேவைக்கு மேல் ஊற்றிய ஆயில், சொன்ன தரத்தைவிடக் கனமான ஆயில் எல்லாமே தட்டுகளை ஒட்டவைக்கும், அதுவும் மார்கழிக் குளிரில். டப்பாவில் கையேடு சொல்லும் தர எண்ணும், ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் எது என்று காட்ட ஜப்பானில் 1998-இல் கொண்டுவந்த தரக்குறி அது. எம்.பி. என்ற குறி உள்ளது ஸ்கூட்டர் வகைகளுக்கு. காருக்கான ஆயிலை மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் கியர் ஆயிலைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆயில் அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து, சமதளத்தில் நிற்க வேண்டும். மலையில் இது சின்ன விஷயமில்லை. சரிவான களத்தில் நிறுத்திப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். நாம் அதை நம்பிக் கூட ஊற்றுவோம். காப்பி உலர்த்தும் சிமெண்ட் களம் இருந்தால் அதுவே சரியான இடம். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் கிட்டத்திலேயே ஓடும் வண்டிகளுக்கு இது வரும். உடனே மாற்றுங்கள்.

6. நாள்பட நின்ற வண்டி. மழை மாதத்தில் கொட்டகையில் நின்ற வண்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணையுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டு, லிவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பெரும்பாலும் பிரிந்துவிடும். கியரில் வைத்தபடி எஞ்சினை உதைத்துப் பார்க்காதீர்கள், வண்டி பாய்ந்துவிடும்.

7. கடைசியில்தான் எஞ்சின் மூடி. மேலே சொன்ன ஆறும் சரியாக இருந்தும் ஒட்டினால்தான் மூடியைத் திறக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடமே விடலாம். பக்கத்தில் நின்று இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

இரும்புத் தட்டை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் எல்லா இடமும் படிய வேண்டும். ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைந்தால் தட்டு நெளிந்திருக்கிறது. கையேட்டு அளவைத் தாண்டினால் மாற்ற வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் அது அதிகச் சூடு பட்ட அடையாளம்.

கிளட்ச் பெல்லின் காடிகளைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும். தட்டின் காதுகள் அடித்து அடித்து அங்கே பள்ளம் விழுந்திருந்தால், தட்டு அதில் சிக்கிக்கொண்டு நகராது. புதுப் பிளேட் போட்டும் ஒட்டல் தீராத வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லேசான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் பெல்லையே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அழுத்தும் தட்டு சாய்ந்து, ஒரு ஓரம் உரசிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும்.

புது உராய்வுத் தட்டுகளை மாட்டும் முன் சில மணி நேரமாவது எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். காய்ந்தபடி மாட்டினால் தொடக்கத்திலேயே கருகி ஒட்டும்.

நடுவழியில் வந்தால்?

மலைப்பாதையில் திடீரென்று கிளட்ச் விடாமல் பிடித்தால் பதற வேண்டாம். பாதை அகலமாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஆக்சிலேட்டரைக் குறைத்து, பிரேக் பிடித்து ஓரமாக நில்லுங்கள். எஞ்சின் அணைந்தால் அணையட்டும். சுவிட்சை அணைத்துவிட்டால் நியூட்ரல் தானே விழும். லிவர் பக்கத்துத் திருகைக் கையாலேயே வெளிப்பக்கம் இரண்டு மூன்று சுற்றுத் திருப்பினால் ஆட்டம் குறையும். வீடு போய்ச் சேர அது போதுமானதாக இருக்கலாம். கிளட்ச் சரியில்லை என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்க நினைக்காதீர்கள். இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடாகி வலுவிழக்கும்.

மலைக்காரர்களுக்கு நான் சொல்லும் ஒரு யோசனை: புதுக் கேபிள் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மாட்டிவிட்டு, இன்னொன்றை அதே பாதையில் பக்கத்திலேயே படுக்கவைத்து, முனைகளில் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவிடுங்கள். பழசு அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேனரும் பிளையரும் இருக்கட்டும்.

தட்டைக் காப்பாற்றும் ஓட்டு முறை

கேபிளால் வரும் ஒட்டலுக்குச் செலவு கொஞ்சம். தட்டு நெளிந்து வரும் ஒட்டலுக்குச் செலவு அதிகம். அந்த நெளிவைப் பெரும்பாலும் நாம்தான் உண்டாக்குகிறோம்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவுக்கு எஞ்சின் பலமும் குறையும். சமவெளியில் எட்டுக் குதிரைத் திறன் தரும் வண்டி இங்கே ஏழுதான் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மூட்டை. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது கியரைக் குறைக்காமல் பாதிக் கிளட்ச் பிடித்து எஞ்சினை அலறவிட்டு ஏறுகிறோம். அந்த நேரம் முழுவதும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து, எஞ்சின் பலம் சூடாக மாறித் தட்டுக்குள் இறங்குகிறது. இரும்புத் தட்டு நீலமாகி நெளிவது அப்படித்தான்.

ஆகவே வளைவுக்குள் போகும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்ச் முழுசாக விட்டபடி போங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சால் வண்டியைத் தாங்காதீர்கள். பிரேக் எதற்கு இருக்கிறது? எதிர் வண்டிக்காகக் காத்திருந்தால் நியூட்ரலில் நில்லுங்கள். லிவர் மேல் சும்மா விரல் வைத்து ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். ஐம்பது கிலோ மூட்டை இரண்டை ஒரே நடையில் கொண்டுபோய் மிச்சம் பிடிக்கும் பெட்ரோலைவிட, கிளட்சுக்குக் கட்டும் பணம் அதிகம். வங்கிக் கணக்காகச் சொல்கிறேன், நம்புங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

ஆயில் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் இந்த இதழில் எழுதின பொருள் இல்லை. வடித்த எஞ்சின் ஆயிலில் உலோகத் துகளும், எரிந்த எண்ணெயின் நச்சுப் பொருட்களும் கலந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலையும் கழிவாகத்தான் கணக்கில் வைத்திருக்கின்றன. கரையானுக்கு ஆகும் என்று வேலிக்கம்பத்தில் பூசுவதும், புழுதி அடங்கட்டும் என்று பாதையில் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. மலையில் ஊற்றுகிற எதுவும் அதே இடத்தில் நிற்காதுங்க. அடுத்த மழையில் ஓடைக்கு இறங்கும். ஓடைக்குக் கீழே இன்னொருவர் கிணறும் நாற்றங்காலும் இருக்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஆயில் துடைத்த துணியையும் மூடாக்குக் குவியலில் போடாதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு நாள்

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருநாள், காப்பிப் பழப் பறிப்பு தொடங்கும் முன் ஒருநாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லிவர் ஆட்டத்தை அளங்கள். கேபிள் முனை இரண்டையும் பாருங்கள். கேபிளுக்கு ஆயில் விடுங்கள். எஞ்சின் கையைத் துடையுங்கள். ஆயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். வண்டியைத் தொட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கேபிள் எத்தனை மாதம் உழைத்தது என்று இரண்டாம் வருடம் அதுவே சொல்லிவிடும்.

அடுத்த முறை யாராவது "பிளேட் போச்சு" என்றால், அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வழுக்குதா, ஒட்டுதா? ஒட்டுதென்றால், கேபிளைக் கழற்றிப் பார்த்தீங்களா? நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கேபிளைக் கழற்றிக் காட்டுவார்.